சும்மா கிடக்கும் நிலமா? மேற்குச் சென்னையின் திறந்தவெளிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்கள் சென்னையின் புறநகர்களாவதற்கு முன் ஏரிப் பாசன ஊர்களாக இருந்தவை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் நிறுவப்பட்ட பிறகு, வேலை தேடி வந்தவர்களின் குடியிருப்புகள் வயல்களிலும் தோப்புகளிலும் பரவின; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அம்பத்தூரில் 4.66 லட்சம் பேரும் ஆவடியில் 3.46 லட்சம் பேரும் வசித்தனர். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சியிருக்கும் பொதுத் திறந்தவெளி பெரும்பாலும் மூன்று வகைப்படும்: ஏரிகளின் நீர்ப்பரப்பும் கால்வாய்களும், மேய்க்கால் போன்ற புறம்போக்கு (தனியார் எவருக்கும் பட்டா வழங்கப்படாமல் பொதுப் பயனுக்கென அரசின் பெயரில் விடப்பட்ட நிலம்), மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம். இவற்றில் வீடு கட்டும் யோசனை எழும்போது அதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முன்வைக்கும் வாதங்களில், ஆராயாமலே உண்மையென ஏற்கப்பட்டவை பல.

நம்பிக்கை: ஏரி வறண்டுவிட்டது, இனி அது வெறும் மைதானம்தான்.

தொண்டை மண்டலத்து ஏரி ஆண்டு முழுவதும் நீர் நிற்பதற்காக வெட்டப்பட்டதன்று. சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி, வரத்துக்கால்வாய் வழியே வரும் வடகிழக்குப் பருவமழை நீரைத் தேக்கி, மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சி, மிகுந்ததைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்புவதே அதன் அமைப்பு. ஆகவே ஆழம் குறைந்த இந்நீர்நிலைகள் கோடையில் வறண்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலாகத் தெரிவது அவற்றின் இயல்பேயன்றி அழிவின் அறிகுறி அன்று. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வது இத்தகைய சங்கிலித் தொடர்புக்கு எடுத்துக்காட்டு. இதில் ஒரு கண்ணியை மூடினால், தண்ணீர் அதற்கு முன்போ பின்போ உள்ள தெருக்களில் தேங்கும்.

சட்டமும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. உத்தரப் பிரதேச ஊர் ஒன்றில் குளத்து நிலம் வீட்டுமனைகளாக ஒதுக்கப்பட்ட வழக்கில், குளம் தூர்ந்து சமநிலமாகிவிட்டது என்று மனை பெற்றவர்கள் வாதிட்டபோதிலும், உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவ்வொதுக்கீட்டைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டிலும் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென 2007இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

நம்பிக்கை: அரசு அனுமதி பெற்ற திட்டம் என்றால் அச்சப்பட ஒன்றுமில்லை.

ஏரி நிலத்தை வீட்டு நிலமாக்கியவர்கள் திருட்டுத்தனமாகக் குடிசை போட்ட ஏழைகள் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியதும், 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தை நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் எழுப்பியதும் அரசே. மேற்குப் புறநகரில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய ‘முகப்பேர் ஏரி ஸ்கீம்’, தான் எங்கே அமைந்தது என்பதைப் பெயரிலேயே தாங்கியிருக்கிறது. அங்கே வீடு பெற்றவர்கள் முறைப்படி பணம் கட்டி ஒதுக்கீட்டு ஆணையும் பத்திரமும் பெற்றவர்கள். அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் அனுமதி என்பது நிலத்தின் உரிமையையும் பயன்பாட்டையும் மாற்றுமே தவிர, நிலத்தின் சரிவை மாற்றாது. கூவம் ஆற்றின் கரையோரக் குடிசைகளை அகற்றி அங்கிருந்த மக்களைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பும் நிர்வாகம், ஏரிக்குள் தானே போட்ட மனைகளைப் பற்றிப் பேசாதிருப்பது அநீதி என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: மழைநீர் வடிகாலும் மரக்கன்றுகளும் இழப்பை ஈடுசெய்துவிடும்.

வடிகால் நீரைக் கடத்துகிறது, தேக்குவதில்லை. திறந்த மண் மழையின் ஒரு பகுதியை உறிஞ்சி நிலத்தடி நீராக்குவதோடு, மீதியை மெல்ல வழிய விட்டு வடிகாலுக்கு அவகாசமும் தருகிறது. கான்கிரீட் பரப்பில் அதே மழை மொத்தமாக ஓடி வருகிறது. மேலும், தாழ்வான இடத்தில் கட்டுவோர் முதலில் செய்யும் வேலை மண் கொட்டி மனையை உயர்த்துவது என்பதால், புதிய குடியிருப்பு நனையாமல் தப்பிக்க, அதுவரை வெள்ளம் காணாத பழைய தெரு குளமாகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் பாழாயின. இதற்கிடையே 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றி நகரம் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றது. வெள்ளமும் வறட்சியும் நீரைத் தங்க விடாத ஒரே தவறின் இரு விளைவுகள். நடைபாதைக் கல்லும் சிமெண்டும் பதித்த ‘பூங்கா’வும் நீரைத் தங்க விடாததால் அதே தவறுதான்.

நம்பிக்கை: பூங்கா இடம் உள்ளாட்சியின் சொத்து, அது விரும்பியபடி பயன்படுத்தலாம்.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மேம்படுத்துவோர், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. இது ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்துக்கு மட்டும் இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்தும் சலுகை உண்டு. அதற்கு மேல் இடத்தையே தானப்பத்திரம் எழுதி ஒப்படைத்தாக வேண்டும். அந்த இடத்தின் விலை மனை வாங்கிய ஒவ்வொருவரின் விலைக்குள்ளும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. உள்ளாட்சி அதன் காவலரே. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது, அப்பகுதிக் குடியிருப்பாளர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்றும் தெளிவுபடுத்தியது. ஆட்சேபிப்பவர் அயலார் விவகாரத்தில் தலையிடுபவர் அல்லர்.

நம்பிக்கை: வீட்டுப் பற்றாக்குறை தீர வேறு வழியில்லை.

வீட்டுத் தேவை உண்மையானது. எதிர்ப்போர் அதை மறுப்பது தவறு. ஆனால் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2012இல் கணித்த 1.88 கோடி நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையில் ஏறக்குறைய 95 விழுக்காடு, பொருளாதாரத்தில் நலிந்தோர், குறைந்த வருவாய்ப் பிரிவினர் ஆகியோருடையது; அதிலும் பெரும்பகுதி, மணமான தம்பதிக்குத் தனியறைகூட இல்லாத நெருக்கடி. அதே காலத்தில், 2011 கணக்கெடுப்பின்படி நகர்ப்புற வீடுகளில் சுமார் 12 விழுக்காடு காலியாகக் கிடந்தன. ஆகவே ஏரிக்கரையில் சந்தை விலைக்கு விற்கும் அடுக்குமாடி இந்தப் பற்றாக்குறையை அநேகமாகத் தொடுவதேயில்லை. நிலம் இல்லை என்ற வாதமும் வலுவற்றது: பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் 2011இல் அறிவிக்கப்பட்ட துணை நகரத்துக்கான இடம், 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக இடம்மாற்றும் அளவுக்கு அப்போதும் காலியாகவே இருந்தது. பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து உயர்த்திக் கட்டுவதும், கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான மெட்ரோ வழித்தடத்தை ஒட்டி எளியோருக்கு வீடு ஒதுக்குவதும் செய்யத்தக்கவை.

வீட்டு நெருக்கடி கடுமையாக உள்ள பெர்லினில், மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தின் சுமார் 300 ஹெக்டேர் திடலின் ஓரங்களில் வீடு கட்டும் திட்டத்தை நகர மக்கள் 2014 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தனர். அங்கே திட்டம் மக்கள் முன் வைக்கப்பட்டது. இங்கே அது பெரும்பாலும் டெண்டர் அறிவிப்பாகவே தெரியவருகிறது.

எதிர்ப்போர் கைவிட வேண்டிய நம்பிக்கை ஒன்று உண்டு: ஏழைகளுக்கான குடியிருப்பு வந்தால் பகுதியின் தரமும் மனையின் விலையும் குறையும் என்பது. இதைச் சொல்லிக்கொண்டே ஏரியைக் காக்கப் போராடுவோர், நியாயமான ஆட்சேபத்தையும் சேர்த்து இழக்கிறார்கள். தங்கள் பகுதித் திறந்தவெளி பற்றி ஐயமுள்ளவர்கள் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்நிலம் எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதையும், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தையும், தானப்பத்திர நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இப்போதே கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுமானம் எழுந்த பின் அவற்றைத் தேடுவதில் பயன் மிகக் குறைவு.