பத்து லிட்டர் வேலைக்கு எத்தனை லிட்டர் டேங்க்?

கேள்வி: ஜே.பி.நகரில் தனி வீடு. முன்புறம் 1,200 சதுர அடி புல்தரை, மாடியில் நாற்பது தொட்டிகள். கை பம்ப் அடித்து அடித்துத் தோள்பட்டை போய்விட்டது, வயது 63. பேட்டரி ஸ்பிரேயர் கேட்டால் ஒரு கடையில் 16 லிட்டர் என்கிறார்கள், இன்னொரு கடையில் 20 லிட்டர் டபுள் மோட்டார்தான் நல்லது என்கிறார்கள். எதை வாங்கலாம்? புல்லில் கோரையும் ஏறியிருக்கிறது. அதற்கும் இதிலேயே மருந்து அடிக்கலாமா?
வாசகர், பெங்களூரு

பதில்: கடைக்காரர் சொல்லும் லிட்டரை மறந்துவிட்டு, ஒரு தடவைக்கு உங்களுக்கு எவ்வளவு மருந்துத் தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வயலில் ஏக்கருக்கு 200 லிட்டர் என்பது பொதுக் கணக்கு. ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. அந்த விகிதத்தில் உங்கள் புல்தரைக்கு ஐந்தரை லிட்டர்தான் ஆகும். தொட்டிக்கு நூறு மில்லி என்று தாராளமாக வைத்தாலும் நாற்பதுக்கு நாலு லிட்டர். பத்து லிட்டரைத் தாண்டும் வேலையே உங்கள் வீட்டில் இல்லை. 20 லிட்டர் டேங்கை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 20 கிலோ, மெஷின் இன்னொரு ஐந்தாறு கிலோ. அதை முதுகில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறப்போவது நீங்கள், கடைக்காரர் அல்ல.

எட்டு அல்லது பத்து லிட்டரில் லித்தியம் பேட்டரி வைத்தது கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் 16 லிட்டரையே வாங்கிப் பாதிக் கோடு வரை நிரப்புங்கள். அதில் ஒரு சௌகரியம் உண்டு: விவசாயிகள் பெரும்பாலும் வைத்திருப்பது இந்த ரகம்தான், அதனால் வாஷரும் டிரிகரும் மோட்டாரும் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கவாட்டில் கைப்பிடி வைத்த 'டூ இன் ஒன்' உங்களுக்கு வேண்டாம். தோள்வலிக்காரருக்கு அது வீண் பாரம். டபுள் மோட்டார் உயரமான மரங்களுக்கானது. நம் ஊர் மனைகளில் அதை ஓட்டினால் மருந்து பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் போய்விடும்.

பேட்டரி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண மெஷினில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரி. உங்கள் பத்து லிட்டருக்கு அதில் சார்ஜ் இறங்கியதே தெரியாது. 12 ஆம்பியருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் பேட்டரி உழைத்துத் தேய்வதில்லை, சும்மா கிடந்தே சாகிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. அடித்து முடித்த அன்றே சார்ஜ் போடுங்கள், வேலை இல்லாத மாதத்திலும் ஒரு தடவை. லித்தியத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, எடையும் குறைவு. நானாக இருந்தால் அதற்குத்தான் கூடுதலாகக் கொடுப்பேன்.

வாங்கும்போது வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிரிகரை விட்டதும் மோட்டார் சத்தம் நிற்க வேண்டும்; நிற்காமல் விட்டு விட்டு உறுமினால் எங்கோ கசிகிறது, அல்லது பிரஷர் சுவிட்ச் சரியில்லை. முதுகில் மாட்டிக் குனிந்து பாருங்கள். மூடி வழியாகக் கழுத்தில் சொட்டினால் அதைத் தொடவே வேண்டாம். பெல்ட் இரண்டு விரல் அகலமாவது, பஞ்சு வைத்து இருக்கட்டும். அவசரமில்லை என்றால், நவம்பரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடக்கும் கிருஷி மேளாவில் பல கம்பெனி மெஷின்களையும் ஒரே இடத்தில் மாட்டிப் பார்க்கலாம்.

பெங்களூரில் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் குடிநீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டதிலிருந்து, ஆர்.ஓ. கழிவு நீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. தரை கழுவ நல்லது, ஸ்பிரேயரில் ஊற்றாதீர்கள். உப்பு அதிகம். உப்பேறிய போர்வெல் தண்ணீரிலும் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வேப்பஞ்சோப்பு போன்றவை கரையாமல் திரிந்து, நாசிலில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். மழைநீர் இருந்தால் அதுதான் முதல் தரம். எதுவானாலும் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். அடைத்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம், ஊசி வைத்துக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். வாயால் ஊதவே கூடாது.

பேட்டரி மெஷின் சீரான அழுத்தத்தில் அடிப்பதால் கையால் அடிப்பதைவிடப் புகை நைசாக வரும். இலைக்கு நல்லது, மூக்குக்குக் கெடுதல். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மருந்தின் வீரியம், ஆளுயரப் பயிர் ஆகியவற்றோடு நைசாக அடிக்கும் இந்தப் புதுப் பம்புகளும் காரணமாகப் பேசப்பட்டன. வேப்பஞ்சோப்பு அந்த ரகம் இல்லை என்றாலும் முகக்கவசம், முழுக்கை, கண்ணாடி மூன்றும் இருக்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே அடிக்கும் காற்றில் மத்தியானம் மெஷினை எடுக்கவே வேண்டாம், விடிகாலைதான் சரி. மிஞ்சிய கரைசலையும் கழுவிய தண்ணீரையும் புல்லிலேயே அடித்துவிடுங்கள். சாக்கடையில் கொட்டினால் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும்.

இனி கோரை. இதே டேங்கில் களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். எத்தனை கழுவினாலும் பம்புக்குள்ளும் குழாயிலும் கொஞ்சம் தங்கும். 2,4-டி என்ற களைக்கொல்லியின் மிச்சம் துளி பட்டாலே மாடித் தக்காளியின் இலை சுருண்டுவிடும். கிளைபோசேட்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. தவிர, அது கோரையோடு புல்லையும் கொன்றுவிடும். 1,200 சதுர அடிதானே, மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது ஓர் ஆளை வைத்துக் கிழங்கோடு தோண்டச் சொல்லுங்கள். மேலாகப் பிடுங்கினால் பத்து நாளில் திரும்ப நிற்கும். கிழங்கு முழுதாக வருகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.