டிஸ்டர்ப்பா, இன்டரப்ட்டா?

அன்புள்ள வாசகருக்கு,

மீட்டிங் நடந்துகொண்டிருந்த அறைக்குள் போய் ‘சாரி டு டிஸ்டர்ப்’ என்றீர்களாம். வெளியே வந்ததும் உடன் வேலை பார்ப்பவர் ‘இன்டரப்ட்னுதான் சொல்லணும்’ என்று திருத்தினாராம். நீங்கள் சொன்னது பிழையில்லை. ஆனால் அந்த இடத்துக்கு அவர் சொன்னதுதான் கச்சிதம்.

டிஸ்டர்ப் என்றால் அமைதியைக் கெடுப்பது. சும்மா படுத்திருப்பவரைக்கூட டிஸ்டர்ப் செய்யலாம். ஓட்டல் அறைக் கதவில் தொங்கும் அட்டைக்கு அதனால்தான் அந்தச் சொல். இன்டரப்ட்டுக்கோ, ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: பேச்சு, ஆட்டம், பயணம், மின்சாரம். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையில், ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். மழை கிரிக்கெட்டை இன்டரப்ட் செய்யும். விட்டதும் ஆட்டம் தொடரும். கரண்ட் போனால் கைகொடுக்கிற யுபிஎஸ்ஸில் முதல் எழுத்து ‘அன்இன்டரப்டிபிள்’ என்பதைக் குறிக்கிறது.

‘டோன்ட் இன்டரப்ட் இன் பிட்வீன்’ என்று நம்மூரில் அடிக்கடி காதில் விழுகிறது. ‘இன் பிட்வீன்’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி எதற்கு? ‘டோன்ட் இன்டரப்ட் மீ’ போதும். நடுவில் ‘டு’, ‘வித்’ எதுவும் வேண்டாம்.

குறுக்கே பேசினாலே அநாகரிகமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்டரப்ட் செய்ய அநாகரிகமே தேவையில்லை. 1984இல் வெளியான ஓர் ஆய்வுக்காக பெக்மன், ஃபிராங்கெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், டாக்டர்கள் நோயாளிகளோடு பேசிய 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். வந்த காரணத்தை நோயாளி முழுசாகச் சொல்லி முடித்தது 23 சதவீதச் சந்திப்புகளில்தான். குறுக்கீடு வர ஆன நேரம் சராசரியாக 18 விநாடி. இதற்கு டாக்டர்கள் அதட்ட வேண்டியதில்லை. ‘தலை வலிக்குது’ என்றதும் ‘எத்தனை நாளா?’ என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். பேச்சு தலைவலிப் பக்கம் திரும்பிவிடும். அடுத்துச் சொல்ல வைத்திருந்த நெஞ்சுவலி உள்ளேயே தங்கிவிடும். 1999இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, முழுசாகப் பேசவிட்ட நோயாளிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக வெறும் 6 விநாடி என்றது. டாக்டருக்கு நேரமில்லை என்ற சமாதானம் இதற்குப் பிறகு என்னிடம் எடுபடுவதில்லை.

மறுபக்கமும் உண்டு. மொழியியலாளர் டெபோரா டேனன் ஒரு விருந்துப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1984இல் புத்தகமாக்கினார். விருந்தில் இருந்த நியூயார்க்காரர்கள் ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பேசினார்கள். அவர்களுக்குள் அது ஆர்வத்தின் அடையாளம். யாருடைய பேச்சும் நிற்கவில்லை. கூட இருந்த கலிஃபோர்னியாக்காரர்களோ பேச இடம் கிடைக்காமல் தவித்தார்கள். நம் வீடுகளில் கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவதையும், ‘அப்புறம்?’ என்பதையும் யாரும் குறுக்கீடாக எடுத்துக்கொள்வதில்லை. கொட்டாவிட்டால்தான் கோபம் வரும். ஆகவே குரல்கள் மோதினவா என்று பார்க்காதீர்கள். பேசியவர் சொல்ல வந்ததை விட்டுவிட நேர்ந்ததா என்று பாருங்கள்.

போனில் எதைச் சொல்வது என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வேலை நேரத்தில் ‘ஆம் ஐ இன்டரப்டிங்?’ என்று கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம் தாண்டி அழைத்தால் உங்கள் டிஸ்டர்ப்பையே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் இருப்பவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.

அன்புடன்,
உங்கள் மொழிப் பக்கக்காரன்