தண்ணீரில் ட்ரையல் பார்க்க வேண்டிய சட்டை

மண்ணூர்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், எழுதி அனுப்புகிறேன் என்றேன். வாட்ஸ்அப் காலத்தில் கடிதமா என்று உன் அம்மா கேட்டாளாம். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். கடையில் நிற்கும்போது கையில் தாள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்வாய்.

ஸ்கூபா பயிற்சி முடியப் போகிறது, அடுத்து மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குப் போகிறாய், அதற்குச் சொந்தமாக ஒரு பிசிடி, அதாவது மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை, வேண்டும் என்றாய். ஆன்லைனில் தள்ளுபடி விலையில் மீடியம் சைஸ்தான் மிச்சம் இருக்கிறது. "கொஞ்சம் லூசா இருக்கும், பட்டையை இழுத்துக் கட்டிக்கலாம்தானே மாமா?"

முடியாது. அந்த மீடியத்தை வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி கட்டிங் டேபிளில் இருபத்தாறு வருடம் நின்றவன் நான். காலையில் சி.டி.எச். ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்காவது தோள், மார்பு, இடுப்பு என்று வாயில் அளவு புரளும். அந்த உலகத்தில் ஒரு சட்டை சரியா என்று பார்க்க ஒரே வழி, ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் போட்டுப் பார்ப்பது. தோளில் தையல் உட்கார வேண்டும், கை தூக்கினால் இழுக்கக் கூடாது. அவ்வளவுதான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போதெல்லாம் உன் பாட்டி, "வளர்ற பிள்ளை, தாராளமா விட்டுத் தைப்பா" என்பார். துணி மிச்சமானால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. தோளிலிருந்து தொங்கும், மடியும், காற்றில் ஆடும்.

பிசிடியில் இந்தக் கணக்கு தலைகீழ். சட்டை உடம்பில் தொங்குகிறது. தண்ணீரில் பிசிடி மேலே போகப் பார்க்கும். உடம்புதான் அதில் தொங்கும். கரையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் அளவு தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். நிமிர்ந்து நிற்கிறவர் மேல் எந்தப் பையை மாட்டினாலும் தோளில் உட்காரும்.

இதை நான் உடம்பால் தெரிந்துகொண்டேன். நாற்பது வயதுக்கு மேல், கிழக்குக் கடலோரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் என் முதல் கடல் முழுக்கு. எனக்குப் பொருந்தும் சைஸ் அன்று வேறு ஒருவருக்குப் போய்விட்டது. ஒரு சைஸ் பெரியதைக் கொடுத்து, பட்டைகளைக் கடைசிவரை இழுத்துக் கட்டினார்கள். படகில் நன்றாகவே இருந்தது. தண்ணீரில் குதித்துக் காற்று ஏற்றியதும் பிசிடி காது வரை ஏறியது. காலர் தாடையை மேலே தள்ளியது. முதுகில் சிலிண்டர் இடது பக்கம் சாய்ந்தது, அதோடு நானும் சாய்ந்தேன். கீழே இறங்கிய பிறகும் முப்பது நிமிடம் மீனைப் பார்க்கவில்லை. புரளாமல் இருப்பதற்கே சரியாகப் போயிற்று. காற்றும் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் தீர்ந்தது. பதற்றமாக மூச்சு விட்டால் சிலிண்டர் அப்படித்தான் காலியாகும்.

இந்தப் பை செய்யும் வேலை புரிய, நீ இறங்கப்போகும் கடலையே எடுத்துக்கொள். முத்துக்குளிப்பவர் காலைக் கல்கயிற்றில் வைத்து இறங்குவார். அடியில் கல்லை விட்டுவிடுவார். தோணியில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். மூச்சு முட்டும் நேரத்தில் இன்னொரு கயிற்றை அசைத்தால் அந்தக் கை ஆளையும் மேலே இழுக்கும். இறக்குவது கல், ஏற்றுவது தோணிக்காரர் கை. 1961 வரை தூத்துக்குடியில் முத்துச் சலாபம் இப்படித்தான் நடந்தது. ஸ்கூபாவில் இறங்குவதும் ஏறுவதும் நடுவில் நிற்பதும் உன் பொறுப்பு. அந்தக் கல்லின் வேலையை உன் இடுப்பு வெயிட்டும், தோணிக்காரர் கையின் வேலையில் ஒரு பகுதியை இந்தப் பையும் செய்கின்றன. ஆள் கை பிடிக்கும் இடத்தில் ஒரு பை பிடிக்கிறது என்றால், அது உன் உடம்பை எங்கே பிடிக்கிறது என்பது முக்கியமில்லையா?

அந்தப் பைக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் உள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம் என்றால் மொத்தம் 2.6 கிலோ. 50 பார் மிச்சம் இருக்கும்போது மேலே வருவாய். அதற்குள் 2 கிலோ மூச்சாகப் போயிருக்கும். ஆக, தொடக்கத்தில் நீ 2 கிலோ அதிக பாரம். இதோடு வெட்சூட்டின் நுரையில் உள்ள குமிழ்கள் 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். அங்கே அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நம் கடலுக்கு 3 மில்லிமீட்டர் சூட் போதும் என்பதால் இதில் இழப்பது குறைவுதான். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் பிசிடிக்குள் காற்றை விடுவதும் எடுப்பதும். 10, 12 கிலோ தூக்கும் பை உனக்குத் தாராளம். 20 கிலோ தூக்கும் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பதற்கு மயங்காதே. பெரிய பையில் சிறிது காற்று இருந்தால் அது ஓரிடத்தில் நிற்காது. நீ வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் மேலே வரும், குமிழி அங்கே ஓடும், சாய்வு இன்னும் கூடும்.

உன் வேலைக்கு இதுதான் பெரிய தொல்லை. பாறைக்கு மேலே டேப்பை விரித்து, அதன் கீழே என்ன பவளம் என்று பலகையில் குறித்துக்கொண்டே கிடைமட்டமாக மிதக்க வேண்டும். சிலிண்டர் நழுவி ஒரு பக்கம் சாய்ந்தால் கை தன்னால் எதையாவது பிடிக்கும். 2010-லும் 2016-லும் வெப்பத்தில் வெளுத்து, அதில் பிழைத்து நிற்கும் பவளம் அங்கே இருக்கிறது. அதைக் கணக்கெடுக்கப் போகிறவள் கையே அதை ஒடித்துவிடக் கூடாது.

சரி, கடையில் என்ன செய்வாய்? முதலில் வெட்சூட்டை எடுத்துக்கொண்டு போ. சுடிதார் மேல் போட்டுப் பார்ப்பதில் பிரயோசனமில்லை. சூட்டைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பட்டைகளையும் முழுக்கத் தளர்த்திவிட்டு பிசிடியை மாட்டு. பிறகு கீழிருந்து மேலே வா: வயிற்றுப் பட்டை முதலில், அப்புறம் இடுப்புக் கொக்கி, தோள் பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. எல்லாம் கட்டி முடித்ததும் பார்: தோள் பட்டைகள் எந்த அளவில் நிற்கின்றன? முழுக்க இழுத்தும் தொளதொளவென்று இருந்தால் பெரிது. முழுக்கத் தளர்த்தியும் பிடித்தால் சிறிது. இழுக்கவும் விடவும் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்க வேண்டும். நல்ல கட்டிங் மாஸ்டர் தையலில் இரண்டு பக்கமும் துணி விட்டு வைப்பதில்லையா, அது மாதிரி. பெரிய பிசிடி மாட்டிய ஒல்லியான பெண்களுக்கு வயிற்றுப் பட்டையின் வெல்க்ரோ ஒன்றின் மேல் ஒன்று முழுக்க ஏறி, முன்பக்கத்து இரண்டு காற்றுப் பைகளும் முட்டிக்கொள்ளும். அப்படியானால் கழற்றிக் கொடுத்துவிடு.

அடுத்ததைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லமாட்டார். நீயே கேள். பிசிடியைக் கட்டியபடியே வாயாலோ கையிலுள்ள இன்ஃப்ளேட்டராலோ முழுக்கக் காற்று நிரப்பு. நிரம்பியதும் அழுத்த வால்வு "புஸ்" என்று தானே திறக்கும். அந்த நிலையில் ஆழமாக மூச்சு இழு. விலா விரியாமல் பிடித்தால் அந்த சைஸ் வேண்டாம். ஜாக்கெட் மாதிரிப் பிசிடிகளில் காற்று உள்பக்கமாகவும் உப்பும். வெறும் பையாக இருக்கும்போது கச்சிதம் என்று தோன்றியது, நிறைந்ததும் நெஞ்சைக் கவ்வும். பிறகு காற்றை முழுக்க வெளியேற்று. இப்போது அது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் போதும். காற்றோடும் காற்றின்றியும், இரண்டு நிலையிலும் சரியாக இருப்பதுதான் உன் அளவு. ஒன்றில் மட்டும் சரி என்றால் உன் அளவு இல்லை.

இப்போது அந்தத் தலைகீழ்க் கணக்குக்கான சோதனை. கூட வருகிறவரை உனக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, பிசிடியின் தோளைப் பிடித்து மேலே தூக்கச் சொல். தண்ணீர் செய்யப்போவதை அவர் கை செய்யட்டும். காது வரை ஏறினால் பெரிது. ஒரு அங்குலம் ஏறி, உன்னையும் சேர்த்து இழுத்தால் சரி. பிறகு ஒரு சிலிண்டரை மாட்டச் சொல்லிக் குனிந்து, இடமும் வலமும் திரும்பிப் பார். தலையை நிமிர்த்தும்போது மண்டை சிலிண்டர் வால்வில் இடிக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு இன்ஃப்ளேட்டர் பட்டன், வலது தோளில் உள்ள காற்று விடும் கயிறு, பின்னால் இடுப்புக்குக் கீழே உள்ள கயிறு, மூன்றையும் கை தேடாமல் தொடுகிறதா என்று பார். தண்ணீரில் கண்ணாடிக்குள்ளிருந்து உன் நெஞ்சை உன்னால் பார்க்க முடியாது.

உனக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீ உயரம் குறைவு, அதிலும் இடுப்புக்கு மேல் நீளம் குறைவு. பொதுவான அளவுகள் ஆண் உடம்பை வைத்து வெட்டியவை. அந்த நீளம் உனக்கு வெயிட் பெல்ட்டின் மேல் போய் உட்காரும். அவசரத்தில் பெல்ட்டை அவிழ்க்கக் கை போனால் பிசிடி தடுக்கும். பெண்களுக்கென்று தோள் பட்டை வளைத்து, நீளம் குறைத்து வெட்டிய மாதிரிகள் இருக்கின்றன. அவற்றின் எக்ஸ்எஸ், எஸ் இரண்டையும் போட்டுப் பார். ஒரு கம்பெனியின் எஸ் இன்னொன்றின் எக்ஸ்எஸ்ஸாக இருக்கும். லேபிளைப் பார்த்துச் சைஸை நம்பாதே என்று இருபத்தாறு வருடம் வெளிநாட்டு ஆர்டர்களுக்கு வெட்டியவன் சொல்கிறேன்.

ஜாக்கெட்டா, முதுகில் மட்டும் காற்று நிற்கும் விங்கா என்றும் கேட்டாய். விங் கிடைமட்டமாக மிதக்க உதவும். மேல்மட்டத்தில் முகத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளும். கணக்கெடுப்பு வேலைக்கு நான் விங்கைத்தான் சொல்வேன். பேக்பிளேட்டோடு வரும் ஒரே நீளப் பட்டையை உன் உடம்புக்கே வெட்டி அளவு வைத்துக்கொள்ளலாம். கால்களுக்கு நடுவில் ஒரு பட்டை வரும், அது பிசிடியை மேலே ஏறவிடாது. ஆனால் அந்த ஒரே நீளப் பட்டையை முதலில் தெரிந்த ஒருவரைக் கொண்டு அளவு வை. எதை எடுத்தாலும் பட்டையைத் தவிர வேறெதையும் நம் தெருத் தையல்காரரிடம் பிரித்துத் தைக்கக் கொடுக்காதே. காற்றுப் பையில் ஊசி ஒரு தடவை நுழைந்தால் போதும்.

இன்னொன்று: பிசிடி லைஃப் ஜாக்கெட் அல்ல. மயங்கியவர் முகத்தை அது தானாக மேலே திருப்பாது. அதனால்தான் அளவு சரியாக இருந்தாலும் கூட ஒருவரோடுதான் இறங்க வேண்டும்.

வாங்கியதும் முதல் நாள் நீச்சல் குளத்தில் சோதித்துப் பார். சிலிண்டரைக் கட்டும் பட்டையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு இறுக்கு. நைலான் நனைந்தால் தளரும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரை உள்ளேயும் விட்டுக் குலுக்கிக் கொட்டு, பாதிக் காற்றோடு நிழலில் காயவிடு. உப்பு உள்ளே உலர்ந்தால் இன்ஃப்ளேட்டர் பட்டன் ஒட்டிக்கொள்ளும், காற்று நிற்காமல் ஏறும், நீ மேலே பாய்வாய். பயணத்துக்கு முந்தின இரவு முழுக்கக் காற்று நிரப்பி வை. காலையில் தளர்ந்திருந்தால் அந்தப் பிசிடியோடு படகேறாதே.

அடுத்த வாரம் சென்னையில் ஒரு கடையில் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் அளவு வேண்டும். ரூம்மேட்டை விட்டு எடுக்கச் சொல். மார்பு சுற்றளவு, ஆழமாக மூச்சு இழுத்து நிறுத்தியபடி. வயிறு, தொப்புள் மட்டத்தில். தோள் எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை, டேப் வளையாமல். மூன்றையும் சூட் போட்டபடி எடு. சூட் இல்லாமல் எடுத்தாயானால் அதையும் எழுது, நான் கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா