டோக்கியோ: எதற்குக் காசு, எது இலவசம்?

டோக்கியோவை உயரத்திலிருந்து பார்க்கக் காசு தேவையில்லை. ஷின்ஜுகுவில் உள்ள பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடிக் காட்சித்தளம், 202 மீட்டர் உயரத்தில், முற்றிலும் இலவசம். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும். குளிர்காலக் காலைகள் இதற்கு ஏற்றவை. 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தில் ஏறியே தீர வேண்டுமென்றால் வார நாளாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். அன்றன்று வாங்கும் டிக்கெட்டை விட விலை குறைவு. குடும்பத்தோடு போனால் இந்த வித்தியாசமே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உதவும்.

அசகுசாவின் சென்சோஜி கோயில், மெய்ஜி ஆலயம், பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால், அந்தத் தோட்டம் திங்கள், வெள்ளிகளில் பொதுவாக மூடியிருக்கும். பார்க்கப்போகும் இடங்களைப் பட்டியல் போடும்போது கட்டணத்தோடு விடுமுறை நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.