திருக்கோளூர் காட்டும் அன்றாடக் கைங்கர்யம்

உத்ஸவ நாட்களில் திருவீதி எழுந்தருளும் எம்பெருமானைச் சேவிக்கையில் நெஞ்சு உருகாதார் இலர். தேர் நிலைக்கு வந்து, கொடியும் இறங்கியபின் அவரவர் இல்லம் திரும்புகின்றனர். அங்கே அடுப்பும் ஏரும் அங்காடியும் காத்திருக்கின்றன. அந்நாட்களெல்லாம் பகவத் ஸம்பந்தம் அற்ற வெறும் நாட்களோ என்னும் ஐயம் பலர்க்கும் எழுவதுண்டு. இவ்வையத்திற்குத் திருக்கோளூர் விடை தருகிறது.

தாமிரவருணியின் தென்கரையில், ஆழ்வார்திருநகரிக்கு அருகே அமைந்த இத்தலம் நவதிருப்பதிகளுள் ஒன்று. மதுரகவியாழ்வார் அவதரித்த ஊர். இங்கு வைத்தமாநிதிப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு அணையாகக் கொண்டு சயனித்தருளுகிறார். நெல் அளக்கும் எளிய மரக்கால் இங்கே திருமுடியைத் தாங்கும் பேறு பெற்றது.

திருவாய்மொழி ஆறாம் பத்தின் ஏழாம் திருமொழியில் நம்மாழ்வார் இத்தலத்தை மங்களாசாஸனம் செய்தருளினார். தன் மகள் திருக்கோளூருக்கே சென்றிருப்பாள் எனத் துணியும் தாயின் பேச்சாக அது அமைந்தது. அம்மகளுக்குச் சோறும் நீரும் வெற்றிலையும் கண்ணனே என்கிறாள் தாய். உயிரைத் தரிக்கச் செய்வது தாரகம், வளர்ப்பது போஷகம், இன்பம் தருவது போக்யம் என இம்மூன்றையும் பூர்வாசார்யர்கள் வகுத்துரைப்பர். வெற்றிலையும் விடுபடவில்லை என்பது கருதத்தக்கது.

1017-ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானார் இத்திருப்பதிக்கு எழுந்தருளியபோது, பெண்பிள்ளை ஒருத்தி ஊரைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் நாடிப் புகும் ஊரை விட்டு நீங்குவது ஏன் என வினவினார். அவள் அடியார்களின் செயல்களை 81 வாசகங்களாக அடுக்கி, இவற்றுள் ஒன்றும் செய்யாத தான் எங்கிருந்தால் என்ன என்றாள். முயலின் புழுக்கை வயலில் கிடந்தாலும் வரப்பில் கிடந்தாலும் ஒன்றே என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட உவமை.

அவள் கூறியவற்றுள் அரிய தியாகங்கள் பல உண்டு. ஆயினும் கூனி கொடுத்த சந்தனமும், மாலாகாரர் அளித்த பூவும், குசேலர் ஈந்த அவலும், அணில்கள் செய்த சிறுபணியும் அதே வரிசையில் நிற்கின்றன. சந்தனம் அரைப்பது கூனியின் நித்தியத் தொழில்; பூத்தொடுப்பது மாலாகாரரின் பிழைப்பு. தொழில் மாறவில்லை. யாருக்கு என்பது மாறியது, அதுவே கைங்கர்யமாயிற்று.

வரலாற்றின் முடிவு இன்னும் சுவையுடையது. தான் ஒன்றும் செய்யவில்லை என வருந்தியவளை எம்பெருமானார் ஊருக்கு மீட்டழைத்துச் சென்று, அவள் இல்லத்திலேயே, அவள் சமைத்த தளிகையை அமுது செய்தருளினார். 81 பேறுகளும் தனக்கில்லை என்றவளுக்கு, நாள்தோறும் மூட்டிய அடுப்பிலேயே பேறு காத்திருந்தது.

ஸ்ரீவைஷ்ணவர் இல்லங்களில் ரசம் சாற்றமுது என்றும், பொரியல் கறியமுது என்றும், பாயசம் திருக்கண்ணமுது என்றும் வழங்குவது வெறும் சொல்லழகன்று. எம்பெருமான் அமுது செய்தபின்னரே தமக்கு என்னும் நினைவை அச்சொற்கள் நாவில் நிறுத்துகின்றன. அந்நினைவின்றிச் சொல் மட்டும் எஞ்சினால் அதனால் பயனில்லை.

ஆதலின் விழாவுக்கு வந்த அடியார்கள் பிரஸாதத்துடன் இந்நினைவையும் இல்லத்திற்குக் கொண்டு செல்வாராக. விடியலில் வாசல் தெளிக்கும் நீரும், உலையில் இடும் ஒரு பிடி அரிசியும், களைத்து வந்தவர்க்கு அளிக்கும் மோரும் அவனுக்கென்று செய்யப்படின், கொடி இறங்கிய பின்னும் அவ்வில்லத்தில் உத்ஸவம் முடிவதில்லை.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.