மருந்தை மாற்றிக் கொடுக்கலாமா?

டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரை ஸ்டாக்கில் இல்லை. அதே மருந்து, அதே மில்லிகிராம், விலையும் குறைவாக வேறொரு கம்பெனிச் சரக்கு அலமாரியில் இருக்கிறது. "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். நம் சில்லறைக் கடைகளில் நாள்தோறும் நடப்பது இது. ஏழைக்குச் செய்யும் உதவி என்றே பலர் நினைக்கிறார்கள். (எல்லோருமல்ல, லாபம் கூடுதல் என்பதற்காகவே மாற்றுகிறவர்களையும் நாம் அறிவோம்.) எந்த எண்ணத்தில் செய்தாலும் லைசென்ஸுக்கு ஆபத்து ஒன்றேதான்.

1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 65-வது விதியின் (11ஏ) உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். அட்டவணை 'எச்' அல்லது 'எக்ஸ்'-இல் அடங்கிய மருந்து சீட்டில் இருந்தால், அதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. அதே பொருள் அடங்கியதானாலும் கூடாது. விதியே இப்படிச் சொல்லிவிட்டதால், "உள்ளே இருப்பது ஒன்றுதானே" என்ற வாதம் மருந்து ஆய்வாளரிடம் எடுபடாது. நோயாளி சம்மதித்தார் என்பதும் எடுபடாது. 66-வது விதிப்படி லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். சாட்சி தேடி அவர் அலைய வேண்டியதில்லை. கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் பில்லில் நாமே எழுதித் தருகிறோமே!

சீட்டில் பிராண்டு பெயர் இல்லாமல் ஜெனரிக் பெயர் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எந்த நல்ல கம்பெனிச் சரக்கும் கொடுக்கலாம். 2016-ல் மருத்துவக் கவுன்சில் தன் ஒழுக்க விதியைத் திருத்தி, ஜெனரிக் பெயரைத் தெளிவாக எழுதச் சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கட்டாயமாக்கி விதி வெளியிட்டு, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. ஆகவே பிராண்டு எழுதிய சீட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

விதி கடுமையானது என்பார்கள். மெட்டோப்ரோலால் டார்ட்ரேட், மெட்டோப்ரோலால் சக்சினேட் இரண்டையும் பாருங்கள். பெயரில் பங்காளிகள். முன்னது சாதாரண மாத்திரையாகப் பெரும்பாலும் இரண்டு வேளை. பின்னது மெதுவாகக் கரையும் மாத்திரையாக ஒரு வேளை. அவசரத்தில் மாறிப்போனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலைகுலையலாம். வலிப்பு மருந்து, வார்ஃபரின், தைராக்சின் போன்றவற்றில் கம்பெனி மாறினாலே ரத்தத்தில் சேரும் அளவு சற்று மாறக்கூடும். அந்தச் சற்றே நோயாளிக்குப் பெரிதாகிவிடும்.

அப்படியானால் ஏழை நோயாளிக்கு என்ன வழி? டாக்டருக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்லலாம். பெரும்பாலான டாக்டர்கள் மறுப்பதில்லை. ஆனால் போனில் "சரி" என்றது போதாது. சீட்டு என்பது எழுத்தில், கையெழுத்தும் தேதியும் உள்ளதாக இருக்க வேண்டும் என்கிறது விதி. நோயாளியைத் திருப்பி அனுப்பி மாற்றி எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் பக்கத்துக் கடையைக் காட்டுங்கள். ஒரு வாடிக்கையாளர் போவார், மறுபடி வருவார்.

இல்லாத பிராண்டுகளை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து, எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளிடம் மாலையில் ஆர்டர் சொல்லுங்கள். உள்ளூர்ச் சரக்கானால் மறுநாள் வந்துவிடும்.