புரோகிராம் முடியும்போது ஒளியும் எர்ரர்

சி மொழி படிக்கும் எல்லோரும் முதலில் எழுதும் புரோகிராம் 'ஹலோ வேர்ல்ட்'. பிரிண்ட்எஃப் ஒரு வரி, ரிட்டர்ன் 0 ஒரு வரி. இதில் தவறு இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தத் தவறு, புரோகிராம் முடிந்து வெளியேறும் அந்தக் கணத்தில் இருக்கிறது. அனுப்பம்பட்டில் என்னிடம் சி படிக்க வரும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் இரண்டாவது பாடமாகச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை மீனவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வதற்குப் 'பாடு' என்று பெயர். யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இந்த முறைப் பட்டியலைத் தயாரிக்க ஒரு சிறிய சி புரோகிராம் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பெயர், முப்பது வரி. அதன் வெளியீட்டைப் பென் டிரைவில் உள்ள ஒரு பைலுக்கு அனுப்புகிறீர்கள். வெற்றியாக முடிந்தால் பழைய பட்டியலை அழித்துவிடு என்றும் ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறீர்கள்.

பென் டிரைவில் இடமில்லை என்றால் என்ன ஆகும்? புதிய பட்டியல் பாதியில் நிற்கும், அல்லது காலியாக இருக்கும். ஆனால் புரோகிராம் '0' என்று, அதாவது 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டுப் போகும். ஸ்கிரிப்ட் அதை நம்பிப் பழைய பட்டியலை அழித்துவிடும். கடைசியில் பெயர் உள்ளவருக்கு அவருடைய முறை எது என்று காட்ட எதுவுமே இருக்காது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு போலிப் பைல் உண்டு. எதை எழுதினாலும் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று திருப்பி அனுப்புவதே அதன் வேலை. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் வழியாக லினக்ஸை நிறுவி இதைச் செய்து பார்க்கலாம். (இங்குள்ள கமாண்ட்களை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.)

./ஹலோ > /டெவ்/ஃபுல்
எக்கோ $?

முதல் வரிக்கு எந்த எர்ரர் செய்தியும் வராது. இரண்டாவது வரிக்கு 0 என்று பதில் வரும். இப்போது ஹலோவுக்குப் பதில் 'எல்எஸ்' கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள். எழுத முடியவில்லை, இடமில்லை என்று செய்தி வரும். எக்கோவும் 0 அல்லாத எண்ணைக் காட்டும். ஏன் இந்த வித்தியாசம்?

பஃபர் செய்யும் வேலை

பிரிண்ட்எஃப் நேராக டிஸ்க்கில் எழுதுவதில்லை. முதலில் மெமரியில் உள்ள பஃபரில் சேர்த்து வைக்கிறது. வெளியீடு திரைக்குப் போனால் ஒவ்வொரு வரி முடிவிலும் பஃபர் காலியாகும். பைலுக்குப் போனால் பஃபர் நிரம்பும் வரை காத்திருக்கும். நம் முப்பது வரிகள் பஃபரில் பாதிகூட நிரம்பாமல் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பிரிண்ட்எஃப்பும் வெற்றி என்றே சொல்லும். அதன் ரிட்டர்ன் மதிப்பைச் சோதித்தும் பயனில்லை.

உண்மையில் எழுதுவது எப்போது? மெயின் முடிந்து எக்ஸிட் நடக்கும்போது. அப்போதுதான் சி லைப்ரரி பஃபரைக் காலி செய்கிறது. அங்கே எர்ரர் வந்தால் கேட்க ஆளில்லை. உங்கள் புரோகிராம்தான் ஏற்கெனவே 0 கொடுத்துவிட்டதே!

தீர்வு

மெயின் முடியும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள்.

1. எஃப்எர்ரர் மூலம் எஸ்டிடிஅவுட்டில் முன்பே எர்ரர் ஏற்பட்டதா என்று பாருங்கள்.

2. எஃப்குளோஸ் மூலம் எஸ்டிடிஅவுட்டை நீங்களே மூடி, அது 0 தருகிறதா என்று பாருங்கள்.

ஏதேனும் ஒன்று தோற்றாலும் எஸ்டிடிஎர்ரில் ஒரு செய்தி எழுதிவிட்டு, எக்ஸிட்_ஃபெயிலியர் மதிப்புடன் வெளியேறுங்கள். இரண்டும் ஏன் வேண்டும்? பட்டியல் நீளமாக இருந்தால் நடுவிலேயே ஒரு முறை எழுதுதல் தோற்றிருக்கலாம். பிறகு எஃப்குளோஸ் சரியாகவே முடியலாம். அந்தப் பழைய எர்ரரை எஃப்எர்ரர்தான் காட்டும். சில சமயம், குறிப்பாக நெட்வொர்க் டிரைவ்களில், பைலை மூடும்போதுதான் எர்ரரே தெரியவரும். அதை எஃப்குளோஸ்தான் பிடிக்கும்.

புரோகிராம் பல இடங்களில் வெளியேறுமானால் இந்தச் சோதனையை ஒரு ஃபங்ஷனாக எழுதி ஏட்எக்ஸிட்டில் பதிவு செய்யுங்கள். மெயினின் முதல் வரியிலேயே பதிவு செய்வது நல்லது. ஏட்எக்ஸிட் ஃபங்ஷன்கள் பதிவு செய்த வரிசைக்குத் தலைகீழாக இயங்கும் என்பதால் உங்கள் சோதனை கடைசியாக நடக்கும். அந்த ஃபங்ஷனுக்குள் மீண்டும் எக்ஸிட்டை அழைக்காதீர்கள், _எக்ஸிட்டைப் பயன்படுத்துங்கள்.

குனூ கோர்யுடில்ஸ் தொகுப்பில் உள்ள எல்எஸ், கேட் போன்ற கமாண்ட்கள் செய்வதும் இதுதான். அவற்றில் குளோஸ்_எஸ்டிடிஅவுட் என்ற ஃபங்ஷன் ஏட்எக்ஸிட்டில் பதிவாகியிருக்கும். எப்போதும் வெற்றி என்று மட்டுமே சொல்ல எழுதப்பட்ட /பின்/ட்ரூ கமாண்ட்கூட, --வெர்ஷன் கொடுத்து /டெவ்/ஃபுல்லுக்கு அனுப்பினால் தோல்வி என்று ஒப்புக்கொள்ளும். முயன்று பாருங்கள்!

மற்ற மொழிகளில்

பைத்தான் 3.6 முதல், வெளியேறும்போது பஃபரைக் காலி செய்ய முடியாவிட்டால் எக்ஸிட் மதிப்பு 120 ஆக மாறுகிறது. ஜாவாவில் சிஸ்டம்.அவுட் எக்செப்ஷன் எதையும் வீசாது. செக்எர்ரர் என்ற மெத்தடை நீங்கள்தான் அழைத்துப் பார்க்க வேண்டும்.

பைப் வழியாக 'ஹெட்' கமாண்டுக்கு அனுப்பும்போது வருவது வேறு வகை. ஹெட் தனக்கு வேண்டிய வரிகளைப் படித்துவிட்டு வெளியேறிவிடும். அதன் பிறகும் உங்கள் புரோகிராம் எழுத முயன்றால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து அதை நிறுத்தும். ஹெட் கேட்ட வரிகள் அதற்குக் கிடைத்துவிட்டதால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எஃப்குளோஸ் வெற்றி என்றால் தகவல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சேர்ந்தது என்றுதான் பொருள். பென் டிரைவுக்குள் போய்ச் சேர இன்னும் சில நொடிகள் ஆகலாம். அதனால் முறைப்படி 'அன்மவுன்ட்' செய்த பிறகே அதைக் கழற்றுங்கள். பழைய பட்டியலை அழிக்கும் வரியையும் அதற்குப் பின்னால் வையுங்கள்.